பூட்டுக்காரரின் ஒரே வசவு

பூட்டுக்காரருக்குக் கெட்ட வார்த்தைகள் வராது. அவரிடம் இருந்தது ஒரே ஒரு வசவு: கையாலாகாதவன். அதை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டார். மழையில் நின்றுபோன பேருந்தின் ஓட்டுநர் கையாலாகாதவன். குக்கர் விசிலடிக்காவிட்டால் அதைச் செய்தவன் கையாலாகாதவன். ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டு மீதிப் பேரை யோசனையில் வைத்திருந்தார்.

தொழில் என்று வந்துவிட்டால் மட்டும் அந்தச் சொல்லுக்கு அவரிடம் ஒரே அர்த்தம்தான்: பூட்டைத் திறக்கத் தெரியாமல் கதவை உடைக்கிறவன். "உடைக்கறதுக்குப் பூட்டுக்காரன் எதுக்கு, ஒரு எருமை போதுமே" என்பார். அவர் கைபட்டு ஒரு கதவிலும் கீறல் விழுந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குச் சோறு போட்டது. கொஞ்சம் கண்ணையும் மறைத்தது.

அந்த அர்த்தத்தில் வகையாக மாட்டியவன் அவருடைய மருமகன். கல்யாணமான புதிதில் மாமனாரிடமே வேலை கற்றுக்கொள்ள வந்தான். ஒரு வீட்டுக் குளியலறைக்குள் கைக்குழந்தை ஒன்று மாட்டிக்கொண்டு வீறிட்டது. இவன் கருவிப்பையைத் திறக்கக்கூட இல்லை. தோளால் ஒரே இடி. குழந்தையின் தாய் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பூட்டுக்காரர் அன்றைக்கே அவனைக் கடையை விட்டு அனுப்பினார். இப்போது அவன் ஒரு டயர் கடையில் இருக்கிறான். மாமனார் இதுவரை அவனை வாயார மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. "ஏம்ப்பா" என்பதோடு சரி. அவன் இல்லாத இடத்தில் பழைய வசவுதான்.

அன்று காலை ஒரு வக்கீல் அலுவலகத்தில் பழைய இரும்பு பீரோ ஒன்று திறக்க மறுத்தது. கிளம்பும்போது மனைவியிடம், "மத்தியானம் வந்துடறேன், சேர்ந்து சாப்பிடலாம்" என்று சொல்லியிருந்தார். அவளுக்குச் சர்க்கரை நோய். ஊசி போட்டுக்கொண்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். அது தெரிந்தும் பீரோவை விட்டு வர அவருக்கு மனமில்லை. பூட்டில் கை இருக்கும்போது அவர் போனைத் தொடமாட்டார். அது பைக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. பீரோ ஒருவழியாக வாயைத் திறந்த பிறகு எடுத்துப் பார்த்தால் வரிசையாக மனைவியின் அழைப்புகள். அவற்றுக்குப் பின்னால் மருமகனுடையவை. அவனைத் திருப்பிக் கூப்பிட்டார்.

"மாமா, அத்தை எனக்குப் போன் பண்ணாங்க. பேச்சு குழறுது. ஊசி போட்டுட்டு, உங்களுக்காகச் சாப்பிடாம இருந்திருக்காங்க. சக்கரை இறங்கிடுச்சு போல. இப்ப போன் எடுக்க மாட்டேங்கறாங்க. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன், நானும் வந்துக்கிட்டிருக்கேன். நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க, ஓடுங்க."

ஓடினார். மூன்றாவது மாடி. படிகளை எப்படி ஏறினார் என்பது அவருக்கே தெரியாது.

தன் வீட்டுக் கதவுக்கு முன்னால் வந்து நின்றதும்தான் பூட்டு நினைவுக்கு வந்தது. அந்தக் கதவின் பூட்டை அவர்தான் செய்தார். பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்தபோது, உட்கார்ந்து தன் கையாலேயே செய்தது. உள்ளேயிருந்து சாவியைப் போட்டுப் பாதி திருப்பி விட்டுவிட்டால், ஒரு கொக்கி அதைக் கவ்விக்கொள்ளும். வெளியேயிருந்து வேறு சாவி நுழையாது. கம்பியால் தள்ளினாலும் உள்சாவி விழாது. வீட்டில் தனியாக இருக்கும்போது சாவியை அப்படித்தான் வைக்க வேண்டும் என்று மனைவிக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். "இந்தப் பூட்டை எவனாலும் திறக்க முடியாது" என்று அக்கம்பக்கம் பூராவும் பீற்றிக்கொண்டிருந்தார். அந்த எவனில் தானும் ஒருவன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

சாவி நுழையவில்லை. காதைக் கதவில் வைத்தார். உள்ளே எங்கோ மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டார்.

"இதோ திறந்துடறேன், ஒரு நிமிஷம்" என்று கதவைப் பார்த்துச் சொன்னார். பையைத் தரையில் கொட்டி மெல்லிய கம்பியை எடுத்தார். கொக்கி எந்த இடத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? அதை நெம்பிவிட்டால் போதும். கம்பி உள்ளே போனது, கொக்கியைத் தொட்டது, வழுக்கியது. மறுபடி போனது, தொட்டது, வழுக்கியது. வேறு கம்பியை வளைத்தார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. ஊருக்கெல்லாம் திறந்த கை, சொந்த வீட்டு வாசலில் அடுத்த கம்பியைத் தேடியது.

மருமகன் வந்து சேர்ந்தான். கையில் டயர் கடைக் கடப்பாரை. அத்தை என்று சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தான். பதில் இல்லை.

"மாமா, உடைச்சிடலாமா?"

"கையை எடு. இதோ வந்துடுச்சு."

"மாமா, ஆம்புலன்ஸ் பாலத்துல மாட்டியிருக்காம். சக்கரை இறங்கினா நேரம் ஆக ஆக ஆபத்துன்னு போன்ல சொன்னாங்க."

"என் பூட்டு எனக்குத் தெரியாதாப்பா? தள்ளி நில்லு."

ஒருமுறை கடையை விட்டு அனுப்பப்பட்டவன் அவன். மாமனார் சொல்லை மீறிப் பழக்கமில்லாதவன். கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு தவித்தபடி நின்றான். கம்பி சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பூட்டுக்காரருக்கு அந்த நேரத்தில் என்ன பைத்தியம் பிடித்திருந்தது என்று கேட்டால், அவரைக் குறை சொல்லத்தான் எனக்கு வருகிறது. ஆனால் அவர் மனைவியை நினைக்காமல் இல்லை. அவளை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அவளைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அப்போது கதவுக்கு அடியில், மிகக் கிட்டத்தில், ஏதோ தரையில் உரசியது. அதன் பிறகு ஒன்றுமே இல்லை.

கம்பி அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவருக்கு விரல்கள் மடங்கவில்லை. நிமிர்ந்து மருமகனைப் பார்த்தார்.

"என்னால முடியல மாப்பிள்ளை. உடைங்க."

அவன் அந்த மரியாதையை எல்லாம் காதில் வாங்கும் நிலையில் இல்லை. கடப்பாரையை நிலைக்கும் கதவுக்கும் நடுவே செருகி நெம்பினான். மரம் பிளந்தது. பூட்டு மட்டும் உடையாமல், நிலையைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. கதவு பாதி திறந்து எதிலோ முட்டி நின்றது.

முட்டியது அவள்மேல்தான். மெதுவாகத் தள்ளி இடுக்கு வழியே நுழைந்தார்கள். கதவடியில் ஒருக்களித்துக் கிடந்தாள், உடம்பெல்லாம் வியர்வை. மருமகன் சமையலறைக்கு ஓடிச் சர்க்கரை டப்பாவோடு வந்து, கொஞ்சம் எடுத்து அவள் கன்னத்துக்குள் தேய்த்தான். பூட்டுக்காரர் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் சொல்லி அவளைக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கையில் மருந்து ஏற்றினார்கள். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம்தான்" என்று அவர்களில் ஒருவர் சாதாரணமாகச் சொன்னார். பூட்டுக்காரர் அழுதார், யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் அழுதார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கண் விழித்தாள். பேச்சு திரும்ப நேரம் பிடித்தது.

"நான் வந்துட்டேன்னு உனக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டார். ஆறுதலாக ஏதாவது கேட்டுவிட மாட்டோமா என்ற ஆசை.

"தெரிஞ்சுது. கம்பி சுரண்டற சத்தம் கேட்டுச்சு."

"அப்புறம் எதுக்கு நகர்ந்து வந்தே? படுத்த இடத்துல இருந்திருக்கலாம்ல?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை, களைப்புத்தான்.

"நீங்க உடைக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியுமே. அதான், நானே வந்து சாவியை எடுத்து விடலாம்னு பார்த்தேன். கை எட்டல."

பூட்டுக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் மருமகன் டீயோடு வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. ஆயுசு முழுக்க ஊரெல்லாம் வாரி இறைத்த அந்த ஒரே வசவு, இப்போது அவரிடமே திரும்பி வந்து நின்றது. அவளானால் அதைச் சொல்லக்கூட இல்லை.