பதினாறு இஞ்சுக் கட்டில்

கடைக்காரர் காட்டிய ஏழாவது கட்டிலில் அப்பா உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் மெத்தையை அழுத்திப் பார்க்கவில்லை, சாய்ந்தும் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் நூல்கயிற்றை எடுத்தார். ஒரு முனையைச் செருப்பு நுனியால் மிதித்துக்கொண்டு மறுமுனையை மேலே இழுத்தார். கயிற்றின் நடுவே ஒரு முடிச்சு இருந்தது. மெத்தையின் விளிம்பு அந்த முடிச்சைத் தாண்டி நாலு விரல் மேலே நின்றது.

"உயரம்" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.

மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை வீட்டில் எல்லாரும் இஞ்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். தெருவில் எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தோளைப் பார்க்கிற கண். கல்யாணத்துக்கு முன் முதல் சந்திப்பிலேயே, 'உங்களுக்கு இடது தோள் அரை இஞ்சு இறக்கம்' என்று சொல்லி ஒருவனைத் திடுக்கிட வைத்தவள். அந்த ஒருவன்தான் பிற்பாடு கணவனாகி அவளுக்கு இந்தப் பெயரை வைத்தான்.

அப்படிப்பட்ட கண்ணுக்கு முடிச்சு எத்தனை இஞ்சில் இருக்கிறது என்று தெரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதினாறு. அப்பாவோ ஆறடி. முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டிய நீளக் கால். முழங்கால் மடிப்பிலிருந்து தரைக்குப் பத்தொன்பது. பதினாறு இஞ்சுக் கட்டிலில் அவர் உட்கார்ந்தால் முட்டி மோவாயை இடிக்கும். நாலு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்த அம்மாவுக்கும் பதினெட்டு இருக்கும், அவளும் நெடுநெடுவென்று வளர்ந்தவள்தான். பதினாறு என்றால் அது ஐந்தடி உயரமுள்ள ஆளின் கால். குடும்பத்தில் அந்த உயரத்தில் ஒருத்தர் கிடையாது.

கடைக்காரரும் சளைக்கவில்லை. தரையோடு ஒட்டிக் கிடக்கும் மேடைக் கட்டில், அடியில் பெட்டி வைத்த கட்டில், நாலு மூலையிலும் தூண் நிற்கும் கட்டில், தலைமாட்டில் பஞ்சு வைத்துத் தைத்த கட்டில் என்று வரிசையாகக் காட்டினார். ஒன்று தவளை மாதிரி தரையில் கிடக்கிறது, இன்னொன்றுக்கு ஏணி போட வேண்டும் என்று அப்பா எல்லாவற்றையும் ஒதுக்கினார். சாரின் உயரத்துக்கு இருபது இஞ்சு இருந்தால்தான் எழுந்திருக்க வசதி என்று கடைக்காரர் சொன்னபோது, அது தனக்கும் தெரியும், ஆனாலும் இந்த அளவுதான் வேண்டும் என்றார். அகலம் மட்டும் ஆறடி கேட்டார்.

"ஒத்தை ஆளுக்கு ஆறடி அகலம் எதுக்குப்பா?"

"புரண்டு படுக்கத்தாம்மா."

இஞ்சம்மாவுக்குத் தெரியாதா? அப்பா புரளுகிற ஜாதியில்லை. படுத்தால் பலகை. தூக்கத்தில்கூட உங்கப்பா ஸ்டியரிங்கை விடமாட்டார் என்று அம்மா கேலி செய்வாள். பழைய வீட்டை விட்டு இந்தப் புதுக் குடியிருப்புக்கு மாறுவதாக முடிவானதுமே, இருவரும் படுத்திருந்த பழைய தேக்குக் கட்டிலை இவள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். புதுப் படுக்கையறை சின்னது, அது நுழையாது என்று காரணம் சொன்னார். நுழையாத அறைக்குத்தான் இப்போது ஆறடி அகலத்தில் கட்டில் தேடுகிறார்.

கடைசியில் எதுவும் ஒத்துவரவில்லை. தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்கிறேன் என்று கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். சுருட்டிய விதமே சரியில்லை என்று பட்டது அவளுக்கு. கட்டுக்கயிற்றை யாராவது அத்தனை பதமாகச் சுருட்டுவார்களா?

வீட்டுக்கு வந்து, அப்பா யாரோ ஒருத்திக்காகக் கட்டில் தேடுகிறார் என்று கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் அந்தத் தேக்குக் கட்டிலில்தான் காலை அகட்டிப் படுத்திருந்தான். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, மாமனார் ஒரு கட்டில் தேடப்போய் தனக்கு இப்படி ஒரு கட்டில் கிடைத்ததே போதும், அவருக்கு ஆயிரம் பெண்தோழிகள் வாய்க்கட்டும் என்றான். அவள் முறைத்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

"ஏய், மாமாவே நேரா வந்து சொல்லட்டுமே. நீ எதுக்குத் துப்பறியறே?"

"அவர் சொல்லலையே. அதுதான் பிரச்சினையே."

அதுதான் பிரச்சினை. அம்மா போனதிலிருந்து அப்பா தினமும் காலை ஏழு மணிக்குக் கூப்பிடுவார். பால் பொங்கி வழிந்தது, நடைப்பயிற்சியில் நாய் துரத்தியது, மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடியது, ஒன்று விடாமல் சொல்லுவார். மறைக்கத் தெரியாத மனுஷன் என்று அவள் ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறாள். மூன்று மாதமாகத்தான் பேச்சு சுருங்கிவிட்டது. இவள் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் 'சரி, வைக்கிறேம்மா' வந்துவிடுகிறது. பழைய வீட்டின் சாவி ஒன்று எப்போதும் அவள் கைப்பையில் கிடக்கும். புது வீட்டுக்கு இரண்டு சாவிதான் கொடுத்தார்களாம். ஒன்று அவரிடம். மற்றது எங்கே என்று கேட்டதற்கு, 'இருக்கு, பத்திரமா இருக்கு' என்றார். யாரிடம் பத்திரமாக? அவர் துணை தேடினால் தேடட்டும்; அதுகூடப் போகட்டும். ஆனால் அப்பா வீட்டு வாசலில் மணியை அடித்துவிட்டு, யாரோ வந்து திறக்கும்வரை விருந்தாளி மாதிரி நிற்க வேண்டியதுதானா இனி? அதை அவள் ஒரு மஞ்சள் கயிற்றிலிருந்தா தெரிந்துகொள்ள வேண்டும்?

திரைச்சீலைக்கு அளவெடுக்கிற சாக்கில் மறுநாள் மத்தியானம் வேலையாட்கள் இருக்கும் நேரம் பார்த்துப் புது வீட்டுக்குப் போனாள். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் மறைக்கிறபோது இவளும் ஒன்று மறைத்தால் கணக்கு நேராகிவிடும் என்று சமாதானம் செய்துகொண்டாள். வாசலில் காவலாளி புத்தகத்தில் பெயர் எழுதச் சொல்லிவிட்டு, இவள் யாரென்று தெரிந்ததும் ஒரேயடியாகக் குழைந்தார்.

"ஐயாவோட மகளாக்கா? முந்தாநேத்துதான் ஐயாவும் அம்மாவும் வந்துட்டுப் போனாங்க."

எந்த அம்மா என்று அவள் கேட்பதற்குள் காவலாளியே மேலே சொல்லிக்கொண்டு போனார். லிஃப்ட் அன்று மக்கர் பண்ணியதாம். அந்தம்மா மூன்று மாடியையும் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினார்களாம். ஐயா இரண்டு படி பின்னால், பிடிக்கவும் செய்யாமல், கையை மட்டும் நீட்டிக்கொண்டே வந்தாராம். "விழுந்தா தாங்கிக்கறதுக்குப் போல" என்று சிரித்தார் காவலாளி.

மேலே குழாய் மாற்ற ஆள் வந்திருந்ததால் கதவு திறந்தே கிடந்தது. படுக்கையறையில் ஓடு அறுத்த வெள்ளைத் தூசி தரை முழுக்கப் படிந்திருந்தது. ஜன்னலோரம் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் முன்னால் தூசியில் தடங்கள். பெரிய செருப்புத் தடம் நாற்காலிக்கு எதிரே மண்டியிட்ட மாதிரி நுனி மட்டும் அழுந்தியிருந்தது. பக்கத்தில் முட்டி ஊன்றிய வட்டம். அது அப்பா. வலிக்கிற முட்டி, மகள் வீட்டில் கீழே விழுந்த ரிமோட்டைக்கூட எடுத்துத் தரச் சொல்லுகிற முட்டி. நாற்காலிக் காலுக்கு நடுவில் சின்ன ஜோடித் தடம். முன்பாதம் ஒரு அச்சு, பின்னால் குதிகால் தனியாக ஒரு சதுரம். நடுவில் தூசி கலையவே இல்லை.

இஞ்சம்மா அந்த இடத்திலேயே குந்திவிட்டாள். கோபம்தான் முதலில் வந்தது. அதற்குப் பின்னாலேயே, அழைக்காமல், தொழில் வந்தது. குதிகால் தனியாக விழுந்தால் அது குதி வைத்த செருப்பு. அதைக் கழற்றாமல் உட்கார வைத்துத்தான் அப்பா கயிற்றைப் பிடித்திருக்கிறார். அவள் கடையில் பேண்ட்டுக்கு உயரம் எடுக்க நிற்கிறவர்களிடம் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லுகிற வார்த்தை, 'செருப்பைக் கழட்டிட்டு நில்லுங்க' என்பதுதான். கட்டிலிலிருந்து யாராவது செருப்போடு இறங்குவார்களா? பதினாறு இஞ்சில் உட்கார்ந்தால் அந்தம்மாவின் வெறுங்கால் தரையில் படாது, தொங்கும். படி ஏறவே நின்று நின்று ஏறுகிற கால். தினமும் காலையில் எழுந்ததும் அந்தப் பாதம் காற்றில் தரையைத் தேடும்.

தேடட்டுமே, எனக்கென்ன, என்று எழுந்து போனாள். திரைச்சீலைக்கு அளவெடுக்க மறந்துவிட்டது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அடுத்த வாரம் தச்சர் கூப்பிட்டார். பாலிஷ் போடுமுன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றாராம். அப்பா இவளையும் வரச்சொன்னார். பட்டறைக்குப் போகிற வழியெல்லாம் அவர் ஏதாவது சொல்லுவார் என்று இவள் காத்திருந்தாள். அவர் சாலையைப் பற்றிப் பேசினார், புது சிக்னலைப் பற்றிப் பேசினார், குறுக்கே வந்த ஸ்கூட்டர்காரனைத் திட்டினார். ஒவ்வொரு பேச்சும் எதையோ சுற்றிக்கொண்டு போவது போலிருந்தது.

கட்டில் நன்றாக வந்திருந்தது. அலங்காரம் எதுவுமில்லை. தலைமாட்டில் சாய்ந்துகொள்ள நேரான பலகை, விளிம்பெல்லாம் உருட்டி இழைத்து, நாலு உருண்டைக் கால். ஒரு மெத்தையைப் போட்டு உயரத்தைக் காட்டினார் தச்சர். அப்பா கயிற்றை எடுத்து வைத்துப் பார்த்தார். முடிச்சு மயிரிழை பிசகாமல் மெத்தை விளிம்பில் உட்கார்ந்தது. அவர் முகம் பளிச்சென்றானது. தேர்வில் பாஸான பையன் மாதிரி மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நினைவு வந்தவராய்ச் சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டார்.

அப்படி மாற்றிக்கொண்டதுதான் அவளைச் சுட்டது. நாலு வருடமாக இந்த முகத்தில் இல்லாத சந்தோஷம் அது. தன்னைக் கண்டதும் அதை ஒளித்துவைக்கிறார்.

தச்சர் பாலிஷ் டப்பாவைத் திறக்கப் போனார். இப்போது வாயைத் திறக்காவிட்டால் அப்புறம் திறக்க முடியாது என்று தெரிந்தது. என்ன கேட்கப் போகிறோம் என்று தெரியாமலேதான் கேட்டாள்.

"அப்பா, அளவெடுக்கும்போது அவங்க செருப்பு போட்டிருந்தாங்களா?"

தச்சரின் கை டப்பா மூடியிலேயே நின்றது. அப்பா கயிற்றைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், மகளைப் பார்க்கவில்லை. ஆறடி ஆள் நின்ற இடத்தில் நாலு இஞ்சு குறைந்துபோனது அவள் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

"போட்டிருந்தாங்க" என்றார் மெதுவாக.

"குதி எவ்வளவு?"

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகட்டிக் காட்டினார். ஒன்றே கால் இருக்கும் என்று அவள் கணக்கிட்டுக்கொண்டாள். மன்னித்துவிட்டோமா, இல்லை, தப்பான அளவு பட்டறையை விட்டு வெளியே போவதைத்தான் பொறுக்க முடியவில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தம்மா யார், எங்கிருந்து வந்தவர், சாவி அவரிடமா இருக்கிறது, எதுவும் தெரியாது. கால் மட்டும் தெரியும்.

"அண்ணே, நாலு கால்லயும் ஒண்ணேகால் இஞ்சு எடுத்துடுங்க."

"இத ஒரு வாரம் முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?" என்று அலுத்துக்கொண்டார் தச்சர். மெத்தையை இறக்கி, கட்டிலைப் புரட்டிப் போட்டு, ஒவ்வொரு காலிலும் பென்சில் கோடு இழுத்தார். கட்டில் நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது.

அப்பா இரண்டடி கிட்டே வந்தார். "கண்ணு" என்றார், வேறு என்னவோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் அறுப்பு மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. அவர் உதடு அசைவது தெரிந்தது. ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நிறுத்தச் சொல்லி அவள் கையைக் காட்டவில்லை. அவரும் பேச்சை நிறுத்தவில்லை. மரத்தூள் இரண்டு பேரின் பாதத்திலும் படிந்துகொண்டிருந்தது.

முதல் துண்டு அறுந்து விழுந்து, உருண்டு, அவள் காலருகே வந்து நின்றது. குனிந்து எடுத்தாள். உள்ளங்கையில் அது இன்னும் சூடாக இருந்தது.