ஆச்சா?

அண்ணனின் தலைமுடியிலிருந்து மரத்தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் முகத்தைத் துடைத்துவிட்டார்கள், முடியை யாரும் கவனிக்கவில்லை. கூடத்தில் கிடத்தியிருந்தவனின் தலைமாட்டில் உட்கார்ந்து, தங்கை நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாரிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாரலுக்கும் வெள்ளைத் துணியில் கொஞ்சம் மஞ்சள் தூள் விழுந்தது. காது மடலுக்குள்ளும் இருந்தது. அதைச் சுண்டுவிரலால் எடுத்தாள்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். "யானைக்கும் அடி சறுக்கும்மா." யானை மரம் ஏறாது என்று சொல்ல வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?" என்று அண்ணி கேட்டாள். விடிந்ததிலிருந்து மூன்றாவது தடவை.

சீப்பு நின்றது. "'ஆச்சு'ன்னாரு அண்ணி."

"சாப்பிட்டு எந்திரிக்கும்போதும் அதைத்தான் சொல்வாரு." அண்ணி தலையை மெல்ல ஆட்டிக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு ஏதோ ஆறுதல் கிடைத்துவிட்டது. அதைக் கெடுக்கத் தங்கைக்கு மனம் வரவில்லை, தைரியமும் வரவில்லை.

அது சாப்பாட்டு ஆச்சு இல்லை. மரங்களைக் கழித்துச் சீர்செய்யும் வேலையில் அவர்கள் மூன்று பேர். அண்ணன் ஏறுவான். தங்கையின் கணவன் கீழே நின்று, வெட்டும் கிளையில் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்து இறக்குவான். தங்கை இறங்கிய கிளைகளை அரைக்கும் இயந்திரத்தில் போடுவாள். மேலே இருப்பவன் உடம்பில் இரண்டு கயிறு. ஏறுகயிறு ஒன்று, மரத்தைச் சுற்றி மாட்டும் இடுப்புக் கயிறு ஒன்று. அவை மாட்டியிருக்கின்றனவா என்று கேட்காமல் கீழே இருப்பவன் தன் கயிற்றைத் தொடக் கூடாது. "கட்டியாச்சா?" என்று கேட்பான், "கட்டியாச்சு" என்று பதில் வரும். இரண்டாம் வருஷமே அண்ணனுக்குச் சலித்துவிட்டது.

"என்ன மாப்ளே, போலீஸ் விசாரணை மாதிரி முழுசா கேக்கறே? ஆச்சான்னா எனக்குப் புரியாதா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். அவள்தான் அதிகம் சிரித்தாள். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் "ஆச்சா?", "ஆச்சு" என்றே ஓடிவிட்டது.

நேற்றுக் காலை அண்ணன் ஏறுகயிற்றை மேல்கிளைக்கு மாற்றிக்கொண்டிருந்தான். அந்த ஒரு நிமிடம் இடுப்புக் கயிறுதான் துணை. அது ஒரு குச்சியில் சிக்கிக்கொள்ள, அதையும் கழற்றினான். கீழிருந்து கணவன் "ஆச்சா?" என்றான், மேலிருந்து "ஆச்சு" என்று பதில் வந்தது. கட்டியாச்சா என்று கணவன் கேட்டான். கழட்டியாச்சு என்று அண்ணன் சொன்னான். இரண்டுக்கும் வாய் ஒரே ஒலியைத்தான் எழுப்பியது. கணவன் இழுத்ததும் பாதி அறுத்த கிளை முறிந்து சுழன்று வந்து அண்ணனைத் தட்டிக் கீழே தள்ளிவிட்டது.

தங்கை வாசலுக்குப் போனாள். கணவன் படியில் உட்கார்ந்திருந்தான். கையில் போன்.

"மரம் நிக்கற வீட்டுக்காரர்தான். முறிஞ்ச கிளை முழுசா விழாம இன்னும் பக்கத்து வீட்டு ஓட்டுக்கு மேல தொங்குதாம். உள்ளே படுத்த படுக்கையா ஒருத்தர் இருக்காராம், நகர்த்த முடியாதாம். சாயங்காலம் காத்து வரும்னு சொல்றாங்க."

"வேற யாராச்சும்?"

"நாலு பேரைக் கேட்டுட்டேன். நாளன்னைக்குத்தான் வர முடியுமாம். அந்தச் சந்துல கிரேனும் நுழையாது." அவன் போனைக் கீழே வைத்தான். "நான்தான் ஏறணும்."

உள்ளே ஒருவன் கிடக்கிறான், இவனையும் இதே கூடத்தில் இதே மாதிரி கிடத்த எவ்வளவு நேரம் ஆகும்?

"உங்களால முடியாது. டம்ளரே பிடிக்க முடியலை உங்களால."

"கிளை யார் தலையில விழுந்தாலும் அதுவும் என் கணக்குலதானே வரும்."



பதினோரு மணிக்கு வண்டி வந்தது. அண்ணனை எடுத்துப்போனார்கள். எல்லாம் முடிந்து கணவன் திரும்பியதும் குளித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருவரும் வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

சந்து நேற்றுப் பார்த்த மாதிரியேதான் இருந்தது. மரத்தடியை மட்டும் யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். கணவன் இடுப்பு வாரின் கொக்கியை இழுத்துப் பார்த்தான், மறுபடி பார்த்தான், மூன்றாவது தடவையும் பார்த்தான்.

"நீ தள்ளி நில்லு. நேத்துக் கிளையில கட்டின கயித்தை அந்த வாசல் தூண்ல கட்டிட்டுப் போறேன்."

"தூண் கேள்வி கேக்குமா?"

அவன் அவளையே பார்த்தான். பிறகு கயிற்றின் நுனியை அவள் கையில் கொடுத்தான். அவள் அதை அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, விழும் கிளை எட்டாத தூரத்துக்கு விலகி, தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

அவன் ஏறினான். கிளை பிரியும் கவை வரைக்கும் அவன் பூட்ஸின் அடிப்பாகம் தெரிந்தது. அப்புறம் இலைகள்தான். அவள் அண்ணாந்து கத்தினாள்.

"இடுப்புக் கயிறு கட்டியாச்சா?"

"ஆச்சு!"

ஒன்பது வருஷத்துப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. கயிறு விறைப்பாக இருந்தது, ஒரு சுண்டு சுண்டினால் கிளை அசைந்துவிடும். அவள் விரல்களைக்கூட அசைக்கவில்லை.

"என்ன ஆச்சு?"

அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "என்னம்மா, என்னாச்சு?" என்று ஒரு பெண் பதறிப்போய் எட்டிப்பார்த்தாள். தங்கை திரும்பவில்லை.

ஒரு இலை சுழன்று சுழன்று கீழே வந்து கழுவிய தரையில் விழுந்தது.

பிறகு இரும்புக் கொக்கி மூடும் ஓசை கேட்டது. டக்.

அதற்கும் கொஞ்சம் கழித்துத்தான் குரல் வந்தது. அது அவன் குரல் மாதிரியே இல்லை.

"கட்டியாச்சு."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"இடுப்புக் கயிறு கட்டியாச்சு. ஏறுகயிறு கட்டியாச்சு."

"சரி, அறுங்க."

ரம்பம் உறுமத் தொடங்கியது. காற்றில் மிதந்து வந்த மரத்தூள் அவள் முழங்கையில், மணிக்கட்டில், கண் இமையில் படிந்தது. துடைத்துக்கொள்ள அவள் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.