மாமன் கொண்டுவந்த கிடாய்

கிடாயின் கயிற்றை அவிழ்த்துத் தவ்பீக் கையில் கொடுத்தது முனீஸ்வரிதான். எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் சொல்ல வேண்டிய நேரத்தில் அன்றைக்கு அவள் சொல்லவில்லை. மூன்று வயது மகள் ஆர்த்திகாவுக்குக் காதுகுத்து. சமயநல்லூருக்கு மேற்கே வயக்காட்டு நடுவில் இருக்கிற கருப்பு சாமி கோயில். வேப்பமரத்தில் இரண்டு கிடாய் கட்டிக் கிடந்தன, இரண்டும் கன்னங்கரேல் என்று. ஒன்று அவள் அண்ணன் நல்லகாமன் தாய்மாமன் சீராகக் கொண்டுவந்தது. ஆர்த்திகா குறைமாதத்தில் பிறந்து, பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் கைவிரித்த அன்றே கருப்புக்கு நேர்ந்து, குட்டியிலிருந்து தன் வீட்டில் பிள்ளை போல வளர்த்தது. இன்னொன்று விருந்துக்கு வாங்கியது. புருசன் சிவக்குமாரும் தவ்பீக்கும் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கூட்டாகக் கடை போட்டு வண்டிகளுக்கு சீட் தைக்கிறவர்கள். சாமிக்கு வெட்டிய கறியைத் தவ்பீக் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். அதனால் விசேஷம் என்றால் ஒரு கிடாயை அவர்கள் ஓதி அறுப்பார்கள், ஊரே அதையும் சேர்த்துச் சாப்பிடும். இந்தப் பக்கத்தில் இது ஒன்றும் புதுசில்லை.

நேர்ந்த கிடாய்க்கு நல்லகாமன் முதல் நாளே செவ்வந்தி மாலை போட்டிருந்தான். விடிந்து முனீஸ்வரி போய்ப் பார்த்தபோது இரண்டு கழுத்திலும் மாலை இல்லை, நார் மட்டும் தரையில் கிடந்தது. ஒரு கிடாயின் வாயோரம் மஞ்சள் இதழ்கள் ஒட்டியிருந்தன. சரி, மாலை போட்டது இதுதான், தின்றுவிட்டது என்று நினைத்தாள். மற்றதை அவிழ்த்து, "அண்ணே, இந்தாங்க, இதுதேன் உங்களுது" என்று தவ்பீக்கிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். அங்கே ஆர்த்திகா பட்டுப்பாவாடை கட்டமாட்டேன் என்று மண்ணில் புரண்டுகொண்டிருந்தாள். தன் கழுத்து மாலையை எந்த ஆடும் எட்டித் தின்னாது, பக்கத்து ஆடுதான் தின்னும். ஆடு மாடோடு வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? அவசரத்தில் புத்தி எங்கே போனதோ!

தவ்பீக்கின் அத்தா பீர் முகமது, செய்தித்தாளில் சுற்றிய கத்தியோடு கோயில் சுவருக்குப் பின்னால் போனார். பந்தலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் அவர் முதுகைப் பார்த்ததும் ஆரம்பித்தார்கள். பாய்மார்களைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஒரு ஆளை நம்மூரில் காட்டுங்கள் பார்ப்போம்! ஒரு வேளை கூட உட்கார்ந்து பேசியிருக்க மாட்டான், ஆனால் அவர்கள் வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் தெரிந்துவைத்திருப்பான். "அவிங்க ஒத்துமை நமக்கு வருமாய்யா" என்றார் ஒருத்தர். "ஒத்துமையா இருந்து என்ன பண்றாய்ங்கன்னு போன்ல பாருங்க, தெரியும்" என்றான் கருப்புச் சட்டை போட்ட ஒரு இளவட்டம். "சோத்துல துப்பித்தேன் பரிமாறுவாய்ங்களாம்." "அடப் போடா, எம்புட்டு வருசமா பாய் கடைக் கறி திங்கிறேன், செத்தா போயிட்டேன்?" "பீர் பாய் நல்லவருப்பா, மத்தவிங்களத்தேன் நம்ப முடியாது." பெரியம்மா சோணையம்மாள், பள்ளிவாசலில் ஓதிக் கட்டிய கயிற்றால்தான் தன் மகனுக்குக் காய்ச்சல் விட்டது என்றாள். அடுத்த மூச்சிலேயே, "இருந்தாலும் அது வேத்துச் சாமிதேன்" என்று முடித்தாள். நல்லகாமன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு இந்தப் பேச்செல்லாம் பிடிக்காது. காலையில் பீர் முகமது வந்து இறங்கியபோது எழுந்து நின்று கும்பிட்டவன் அந்தக் கூட்டத்திலேயே அவன் ஒருத்தன்தான்.

பூசாரி மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு குரல் கொடுத்தார். நேர்ந்த கிடாய்மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும், அது உடம்பைக் குலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம், உடனே ஒரே வெட்டு. நல்லகாமன் வேப்பமரத்தடிக்குப் போய் அங்கே நின்ற கிடாயின் காதைத் தூக்கிப் பார்த்தான். தன் கிடாய்க்கு அடையாளமாகக் காது நுனியைச் சின்னதாக வெட்டிவிட்டிருந்தான். இந்தக் காது முழுசாக இருந்தது. சுவருக்குப் பின்னால் ஓடினான். கிடாயைக் கிளையில் தலைகீழாகத் தொங்கவிட்டு பீர் முகமது தோல் உரித்துக்கொண்டிருந்தார். தலை சாக்கின்மேல் தனியாகக் கிடந்தது, அதன் காது நுனி வெட்டுப்பட்டிருந்தது.

"வாங்க தம்பி" என்றார் அவர் நிமிர்ந்து.

அறை விழுந்த சத்தம் பந்தல் வரைக்கும் கேட்டது. பெரியவரின் தொப்பி கழன்று ரத்தச் சேற்றில் விழுந்தது. அவர் என்ன ஏது என்று புரியாமல், கீழே விழாமலிருக்க கிளையைப் பிடித்தார். தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்த தவ்பீக் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து குறுக்கே நின்றான். "மச்சான், மச்சான், என்னா ஆச்சு? எங்கத்தாவ எதுக்கு அடிக்கிறீங்க?"

"கருப்புக்கு விட்ட கெடாய்டா! மூணு வருசம் எம்பிள்ளைக்கு வச்ச சோத்தப் போட்டு வளத்தேன்டா!" நல்லகாமன் அழுதுகொண்டேதான் அடித்தான். அவன் அழுகை பொய்யில்லை. தவ்பீக்கின் சட்டையைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான். அதற்குள் பந்தலே திரண்டு வந்துவிட்டது. என்ன நடந்தது என்று முதல் வரிசைக்காரன் கேட்டான், இரண்டாம் வரிசைக்காரன் பதில் சொன்னான், மூன்றாம் வரிசைக்குப் போவதற்குள் பாய் வேண்டுமென்றே சாமி கிடாயை அறுத்துவிட்டான் என்று ஆகிவிட்டது. நம் ஆட்கள் வேறு எதற்கு இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்திருக்கிறார்கள்?

இடுப்பில் பிள்ளையோடு முனீஸ்வரி ஓடிவந்தாள். சாக்கில் கிடந்த தலையைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். ஐயோ, நான்தானே அவிழ்த்துக் கொடுத்தேன்! சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அண்ணன் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்கு எப்படிக் காது குத்துவது? புருசன் வீட்டுச் சனம் காலத்துக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். அதைவிட, கருப்பு சும்மா விடுவானா? பிள்ளையைக் கொடுத்த சாமி பிள்ளையை எடுத்துக்கொண்டால்? ஆர்த்திகாவை இறுக்கிக்கொண்டாள். அண்ணன் கோபக்காரன், ரெண்டு அடி அடித்துவிட்டு ஓய்ந்துவிடுவான், அப்புறம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அவன் ஓய்ந்தும்விட்டான். சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினான். மற்றவர்கள்தான் ஓயவில்லை. தவ்பீக்கை நான்கு பேர் கீழே போட்டு மிதித்தார்கள். நாள் முழுக்க ஊசியும் ரெக்சினும் பிடிக்கிற வலது கையை ஒருத்தன் செருப்புக் காலால் நசுக்கினான். தவ்பீக் போட்ட அலறலில் பெரியவர் திடுக்கிட்டு, கையிலிருந்த கத்தியைக் கீழே வைக்க வேண்டும் என்கிற நினைப்பே இல்லாமல், "யா அல்லாஹ், விட்டுருங்கய்யா, எம்மகன்யா" என்று முன்னால் வந்தார். அவ்வளவுதான்.

"கத்தியோட வாரான்டா! குத்த வாரான்டா!"

கருப்புச் சட்டைக்காரன் ஆடு கட்டுகிற முளைக்குச்சியைப் பிடுங்கி அவர் மணிக்கட்டில் போட்டான். கத்தி எங்கேயோ தெறித்தது. அடுத்தது தோளில். அடுத்தது பக்கவாட்டில், காதுக்கு மேலே. தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் உட்கார்ந்தார். வெள்ளைத் தாடி நனைந்து சிவந்தது. உட்கார்ந்த மனுசனை ஒருத்தன் நெஞ்சில் உதைத்தான். இதையெல்லாம் இன்னொருத்தன் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். "பெரியவருய்யா, நல்லவருய்யா, விட்டுருங்கப்பா" என்று காலையில் நல்லவர் என்று சொன்ன அதே ஆள் சொன்னார், தள்ளி நின்று பந்தல் நாற்காலியைப் பிடித்தபடியே.

இந்த அடியோடு நிறுத்திவிடுவார்கள், இந்த அடியோடு நிறுத்திவிடுவார்கள் என்றே முனீஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். பீர் முகமது அவளிடம் அன்று காலையில்தான் "தாயி, நெத்தியில வேர்வையத் தொடச்சுக்க, பொட்டு அழியுது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் பக்கவாட்டில் சரிந்து, ஒரு கால் மட்டும் தானாக வெட்டி வெட்டி இழுத்ததைப் பார்த்ததும்தான் அவளுக்குத் தொண்டை திறந்தது. பிள்ளையைச் சோணையம்மாளிடம் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தாள். அவள் முழங்கையிலும் குச்சியடி ஒன்று விழுந்தது.

"நாந்தேன்! நாந்தேன் அவுத்துக் குடுத்தேன்! கெடா மாறிப்போச்சு! அவருக்கு ஒண்ணுமே தெரியாது, பாவிகளா!"

ஒரு நொடி எல்லோரும் நின்றார்கள். நெஞ்சில் உதைத்தவன்தான் முதலில் பேசினான். "பொம்பளப் பிள்ளைய ஏமாத்தி வாங்கிருக்காய்ங்க, பாத்தியா." இரண்டு மூன்று பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

நல்லகாமன் மட்டும் தங்கச்சியைப் பார்த்தான். அவள் அருகில் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான். "முன்னயே சொல்லிருக்கணும் முனீசு. இப்பச் சொல்லாத. இப்பச் சொன்னா நாங்க செஞ்சது என்னாகும்?"

அந்த நேரத்தில்தான் சமயநல்லூருக்குத் தண்ணீர் கேன் எடுக்கப் போயிருந்த சிவக்குமார் குட்டியானை வண்டியோடு திரும்பினான். பார்த்தவன் கேன்களை வரப்பில் உருட்டித் தள்ளினான். பெரியவரைத் தூக்க ஒருத்தரும் கிட்டே வரவில்லை, அடிக்க மட்டும் அத்தனை கை இருந்தது. தவ்பீக் ஒற்றைக் கையால் தகப்பன் காலைத் தூக்கினான், முனீஸ்வரி தலையைத் தாங்கினாள். வண்டியில் அவளும் ஏறியபோது நல்லகாமன் ஓடிவந்து பின்கதவைப் பிடித்தான்.

"எங்க போற? நல்ல நேரம் முடியப்போகுது. ஆசாரி உக்காந்துருக்காரு. பிள்ளைக்கு நீ வேணாமா?"

சோணையம்மாள் இடுப்பில் ஆர்த்திகா இவளைப் பார்த்துக் கையை நீட்டி அழுதுகொண்டிருந்தாள். முனீஸ்வரிக்கு இறங்கிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தலை அவள் மடியில் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. வண்டி கிளம்பிவிட்டது.

வழியெல்லாம் தவ்பீக் தகப்பன் காதருகே வாயை வைத்துக் கலிமா சொல்லிக்கொண்டே வந்தான். பாத்திமா கல்லூரித் திருப்பத்தில் நெரிசலில் வண்டி நின்றபோது மட்டும் நிமிர்ந்து, "தங்கச்சி, நீதான குடுத்த? நான் எடுக்கலையில்ல?" என்று கேட்டான். அடிபட்டதில் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டதோ என்னவோ.

"நான்தாண்ணே குடுத்தேன்" என்றாள். "நின்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேண்ணே." அவன் மறுபடி குனிந்துகொண்டான்.

ஆஸ்பத்திரியில் பெரியவரை ஸ்ட்ரெச்சரில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். வாசலிலிருந்த போலீஸ்காரர், "எப்படி அடிபட்டுச்சு?" என்றார்.

"வண்டியிலருந்து விழுந்துட்டாரு சார்" என்றான் சிவக்குமார்.

தவ்பீக் அவனைத் திரும்பிப் பார்த்தான். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், ஒரே மிஷினில் மாற்றி மாற்றி உட்கார்ந்தவர்கள். சிவக்குமார் தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தான். "கேசாயிரும் மாப்ள. ரெண்டு பக்கமும் ஆளு கூடிருவாய்ங்க. நாளைக்கி ஆரப்பாளையத்துல கடையத் தொறக்க முடியாது. மொதல்ல அத்தா பொழைக்கட்டும், நாம பேசிக்கிருவோம்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறதா என்று முனீஸ்வரி ஒரு கணம் யோசித்தாள். அப்படி யோசித்ததற்காகவே தன்மேல் அவளுக்கு அருவருப்பு வந்தது. காலையிலும் இப்படித்தான் யோசித்துக்கொண்டு நின்றாள்.

"விழுகல சார்" என்றாள். "அடிச்சாங்க. கருப்பு கோயில்ல வச்சு அடிச்சாங்க. நான் பாத்தேன்."

"யாரு?"

"மொத அடி எங்கண்ணன். பேரு நல்லகாமன். மத்தவங்க பேரும் சொல்றேன்."

சிவக்குமார் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். குச்சி விழுந்து வீங்கியிருந்த முழங்கை அது. அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு பேராகச் சொன்னாள். கருப்புச் சட்டைக்காரனின் பேர் தெரியவில்லை, யார் மகன் என்று சொன்னாள். போலீஸ்காரர் அவள் சேலையையும் ரத்தத்தையும் பார்த்துவிட்டு, "நீங்க அவருக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

உள்ளே போன ஸ்ட்ரெச்சர் திரும்பி வரவில்லை. தவ்பீக் நசுங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தான். முனீஸ்வரியின் போன் அதிர்ந்தது. குடும்ப வாட்ஸப் குழுவில் அண்ணன் ஒரு வீடியோ போட்டிருந்தான். அதற்குள் கீழே வரிசையாகப் பூவும் கைகூப்பும். அவள் தொட்டாள். நல்லகாமன் மடியில் ஆர்த்திகா. புது வேட்டி மாற்றியிருந்தான். ஆசாரி ஊசியைக் காதில் ஏற்றியபோது பிள்ளை "அம்மா" என்று வீறிட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். தலை அசையாதபடி இரண்டு பக்கமும் பிடித்திருந்த மாமனின் கைகளைக் கேமரா பக்கத்தில் போய்க் காட்டியது. கழுவியிருந்தான், ஆனாலும் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து கன்றியிருந்தது. பிள்ளையின் காதில் ஒரு சொட்டு ரத்தம் பொட்டாய் எட்டிப்பார்த்தது. அந்தக் கட்டைவிரல் அத்தனை பதனமாக, வலித்துவிடாமல், அதைத் துடைத்துவிட்டது.