சாப்பாட்டு நேரத்து இணைப்பு

ஆறு பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு டீச்சர் நான்தான். ஆறிலும் கணக்குக்கு ஆள் கிடைக்காததால், எல்லாவற்றையும் ஒரே இணையக் கம்பியில் கோத்து நடுவில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். நூலகத்துக்கு மேலே மூன்றாம் மாடியில் ஓர் அறை. எதிரொலி வரக்கூடாதென்று சுவரெல்லாம் பஞ்சு. முன்னால் பெரிய திரை. அதில் ஆறு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு வகுப்பு. இருநூறு பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன் என்று வெளியே பீற்றிக்கொள்ளலாம். அறையில் இருப்பது நானும் இரண்டு நாற்காலிகளும்தான்.

மதிய மணி அடித்ததும், மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியைக் காமிராவின் மேல் போட்டு மூடிவிடுவேன். அதோடு கடையைக் கட்டியாயிற்று என்பது என் எண்ணம். திரைக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் பக்கம் திரும்பி டப்பாவைத் திறப்பேன். பிறகு என் வீட்டுக்காரரிடம் பேச ஆரம்பிப்பேன்.

இருபத்து மூன்று வருஷமாக அந்த நேரத்தில் அவரைப் போனில் கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவர் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. இப்போது போனை எடுப்பதில்லை, பேச்சை மட்டும் விடவில்லை. சாப்பிட்டீர்களா என்பதில் தொடங்கி, சமையலறைக் குழாய் ஒழுகுவது, மகன் ஞாயிற்றுக்கிழமை நாலே நிமிஷத்தில் பேசி முடித்தது என்று எல்லாம் சொல்வேன். அவர் பதில் சொல்ல இடைவெளிகூட விடுவேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் வாய் ஓயாமல் கத்தினாலும், பேச்சு என்று நான் பேசுவது அந்த அரை மணி நேரம்தான்.

அன்றைக்குத் தொட்டிக் கணக்கு. ஒரு குழாய் நிரப்புகிறது, இன்னொன்று ஒழுகுகிறது, தொட்டி எப்போது நிரம்பும் என்று கேட்டேன். நான்காவது கட்டத்தில் முன்வரிசை ரெட்டைச்சடை எழுந்து நின்றாள். விடை சொல்லப்போகிறாள் என்று அவள் மைக்கைத் திறந்துவிட்டேன்.

"டீச்சர், உங்க வீட்டுக் குழாய் மாதிரியா? சார் அதைச் சரி பண்ணிட்டாரா?"

உனக்கு எப்படித் தெரியும் என்றேன். நான்காம் பள்ளியில் மெஷினை ஒரு தடவை அணைத்தால் இணைப்பு திரும்ப வர அரை மணி ஆகுமாம். அதனால் சாயங்காலம் வரை அணைப்பதே இல்லை. அந்த அறையில்தான் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். மற்ற ஐந்து பள்ளிகளும் மணி அடித்ததும் அணைத்துவிடும். இவர்கள் மட்டும் ஜூனிலிருந்து என்னைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார்கள்.

கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில். ஆறு பள்ளியும் பார்த்துக்கொண்டிருக்க எரிந்து விழுந்தேன். "அடுத்தவங்க வீட்டு விஷயத்தை ஒட்டுக் கேக்கவா இந்த லைனைப் போட்டுக் குடுத்திருக்கு?"

"ஒட்டுக் கேக்கல டீச்சர்," என்றாள் அவள், அழாமல். "நீங்க பேசுவீங்க. நாங்க சாப்பிடுவோம்."

உட்கார் என்றேன். உட்கார்ந்தாள். மாலையில் அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் மன்னிப்புக் கேட்டு ஒரு முழம் நீளத்துக்குச் செய்தி அனுப்பியிருந்தார். மறுநாள் இணைப்பைப் பார்க்க வரும் மெக்கானிக் சிரித்தான். "கண்ணைக் கட்டினா காது மூடிக்குமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, மைக்கை அணைக்கும் பொத்தானைக் காட்டினான். இரண்டு வருஷமாக அது என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

அதன்பின் மூன்று நாள் பொத்தானை அமுக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். வாய் திறக்கவில்லை. சாப்பிட்டீங்களா என்ற ஒரு வார்த்தைகூட வரவில்லை. பதினாலு மாதமாக அவர்தான் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். பஞ்சுச் சுவருக்குள் ஒரு மனுஷி தனியாக மெல்லும் சத்தம் எவ்வளவு பெரிது என்று அந்த மூன்று நாளில்தான் எனக்குத் தெரிந்தது. டப்பாவைப் பாதியோடு மூடிவைத்தேன்.

நான்காம் நாள் பொத்தானைத் தொடவில்லை. வழக்கம்போலத் துணியைப் போட்டு மூடிவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னேன். "குழாய் இன்னும் ஒழுகுதும்மா. சரி பண்ண சார் இல்லை. அவர் இறந்து பதினாலு மாசம் ஆச்சு." இறந்து என்ற சொல்லை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. மகனிடம்கூட அப்பா போயிட்டார் என்றுதான் சொன்னேன். திட்டினதுக்கு மனசு வலிக்கிறது என்றும் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

நான்காவது கட்டம் இருட்டாக இருந்தது.

மதியப் பாடத்துக்கு அவர்கள் இருபது நிமிஷம் தாமதமாக வந்தார்கள். உங்களுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாதென்று இன்றைக்கிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அணைத்துவிடுகிறோம் என்றார் தலைமையாசிரியர். அணைக்காதீர்கள் என்று கெஞ்ச வேண்டும்போல இருந்தது. ஆறு பள்ளிக்கும் நடுவில் வாய் வரவில்லை. பாடம் வீணாகிறதே சார், அணைக்க வேண்டாம் என்றேன்.

"அப்ப மெஷின் ஓடட்டும் டீச்சர். ஸ்பீக்கரை மட்டும் கழட்டிடறோம். ஒரு சத்தமும் கேக்காது, நீங்க நிம்மதியா சாப்பிடலாம்."

ரொம்ப நல்லது சார் என்று சொல்லி வைத்தேன். வேறென்ன சொல்ல?

மறுநாள் மணி அடித்தது. ஐந்து கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. நான்காவதில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்தார்கள். கையில் துணியை எடுத்தேன். காமிராவை மூடாமல் மடித்து மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பிப் போட்டேன்.

ரெட்டைச்சடைதான் முதலில் பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எச்சில் கையைத் தூக்கிக் குழாயைத் திருகுவதுபோல் திருகிக் காட்டினாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் உச்சுக் கொட்டினாள். சத்தம் வரவில்லை.

நான் டப்பாவைத் திறந்தேன்.