ஒன்பது அட்டைகள்

காலை ஐந்தரை மணிக்கு, தலைகூட வாராமல், கையில் ஒரு ஜக்குத் தண்ணீரோடு காரின் மூஞ்சிக்கு முன்னால் நிற்கும் என்னை யாராவது பார்த்திருந்தால், பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள் காருக்கும் பல் விளக்கிவிட வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள். அன்று ஒன்பதாவது நாள். ரேடியேட்டர் மூடியைச் சத்தம் வராமல் திருகித் திறந்தேன். இரண்டு விரல் அளவு இறங்கியிருந்ததை விளிம்புவரை நிரப்பினேன். வண்டிக்கு அடியில் விரித்திருந்த அட்டையை உருவினேன். நனைந்திருந்தது. அதன் இடத்தில் காய்ந்த அட்டை ஒன்றை, அச்சடித்த அம்புக்குறி முன்பக்கம் பார்க்கும்படி, அவர் வைத்தது போலவே வைத்தேன். நனைந்ததைப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் செருகிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். ஏழு மணிக்கு என் கணவர் எழுந்து வந்து மூடியைத் திறந்து பார்ப்பார், அட்டையைப் பார்ப்பார், "நிக்குது" என்பார். தண்ணீர் ஒழுகாமல் நிற்கிறதாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை திருட்டுத்தனமும்.

கார் என்றதும் ஏதோ பவுசு என்று நினைத்துவிட வேண்டாம். உருண்டை விளக்கும் கொழுத்த மட்கார்டுமாக, எங்கள் கல்யாணத்துக்குப் பத்து வருடம் முந்திப் பிறந்த வண்டி. அவருக்கு வேலை போன மறுமாதம் எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்து ஷெட்டில் நிறுத்தினார். பெயிண்ட் அடித்தார், சீட்டுத் தைத்தார், செத்துக் கிடந்த என்ஜினையும் பேசவைத்துவிட்டார். என்ஜினைக் குளிரவைக்க ஊற்றுகிற பச்சைக் கூலன்ட் மட்டும் உள்ளே நிற்க மாட்டேன் என்றது. ஹோஸ் மாற்றினார், ஒழுகியது. கிளிப்பெல்லாம் மாற்றினார், ஒழுகியது. ரேடியேட்டரைக் கழற்றிக்கொண்டு போய் ஈயம் வைத்துக் கொண்டுவந்தார். வாட்டர் பம்பைப் புதிதாகப் போட்டார். இப்படி ஏழு தடவை. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கவும் வழியில்லை. வண்டி ஓடும்போது சூட்டிலேயே ஆவியாகிவிடும். அணைத்து, ராத்திரி ஆறும்போதுதான் சொட்டும். ஷெட்டுத் தரையோ தெருவைப் பார்த்துச் சரிந்தது. எங்கே சொட்டினாலும் ஓடிவந்து முன்சக்கரத்துக்கு முன்னால்தான் தேங்கும். அதனால் முன்னால் இருக்கிற சாமான்களையே திரும்பத் திரும்பக் கழற்றிக்கொண்டிருந்தார். மாடி வீட்டு டீச்சர் துணி காயப்போட வரும்போதெல்லாம், "என்ன சார், பேஷன்ட்டுக்கு இன்னும் டிஸ்சார்ஜ் இல்லையா?" என்பார். இவரும் சிரிப்பார். அப்புறம் உள்ளே வந்து என்மேல் எரிந்து விழுவார்.

போகட்டும் சனியன், காயலாங்கடையில் போட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. சொல்லவில்லை. இவர் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் பம்ப் ரூம் ஃபிட்டராக இருந்தவர். ஒருநாள் ஒரு குழாய் மூட்டு கசிந்தது. இறுக்கினார். மறுநாள் காலை போய்ப் பார்த்தார், தரை காய்ந்திருந்தது, சரி என்று கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் அந்த மூட்டு தெறித்து, கீழே குடோனில் இருந்த சரக்கெல்லாம் நாசம். அவர் வருவதற்கு முன்னால் கூட்டுகிற ஆள் தரையை மாப்புப் போட்டுத் துடைத்திருக்கிறான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. விசாரணையில் அவன் பெயரை இவர் எடுக்கவே இல்லை. "தரை காஞ்சிருந்துச்சு, நான் பாத்தேன், கையெழுத்து போட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஐம்பத்திரண்டு வயதில் வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்கப்புறம் குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினால்கூட மூன்று தடவை போய்த் தொட்டுப் பார்ப்பார்.

ஏழாவது தடவையும் ஒழுகிய அன்று ஸ்பேனரைத் துடைக்காமலே பெட்டியில் போட்டார். அப்படிப் போடுகிற மனுஷர் இல்லை. சாப்பிட உட்கார்ந்து தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு, "கையே போச்சு போல" என்றார். மறுநாள் எட்டாவது தடவையாக எதையோ இறுக்கினார். தரையின் சரிவை ஏமாற்றி, சொட்டு விழுகிற இடத்தைப் பிடிக்க அடியில் விரிக்க வேண்டும் என்று, கையுறை வருகிற அட்டைப்பெட்டிகளை எங்கள் கிளினிக்கிலிருந்து கொண்டுவரச் சொன்னார். அடுத்த நாள் காலை நான் முதலில் எழுந்துவிட்டேன். போய்ப் பார்த்தால் அட்டை ஈரம். நான் ஒன்றும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. தண்ணீர் ஊற்றினேன், அட்டையை மாற்றினேன், அவ்வளவுதான். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்ட குரல் இருக்கிறதே, அதைக் கேட்டபின் எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

அன்று மத்தியானமே ஒரு காரியம் செய்துவிட்டார். பழைய கார்களை வாடகைக்கு விடுகிற ஒருவர் மெக்கானிக் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போன் போட்டுவிட்டார். அந்த முதலாளி சொன்னாராம், "சர்ட்டிபிகேட்டெல்லாம் எனக்கு வேணாம். உங்க வண்டிய நீங்களே ஓட்டிட்டு வாங்க. ஒரு மணி நேர ரோடு. சொட்டாம வந்து நின்னா அன்னிக்கே சேந்துக்கலாம்." அடுத்த வாரம் சனிக்கிழமை காலை பத்து மணி. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு விரல் தண்ணீர் போனால் வண்டி ஒன்றும் நின்றுவிடாது என்று நானாகவே கணக்குப் போட்டுக்கொண்டேன். போய்ச் சேர்ந்த பிறகு சொட்டுமே, அதை யார் துடைப்பார்கள் என்று என் மரமண்டைக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது அவர் ஷெட்டு வாசலில் நின்று ஒரு கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியேட்டரிலிருந்து கொஞ்சம் எடுத்திருக்கிறார். அவர் ஊற்றியது இலைப்பச்சை. டம்ளரில் இருந்தது பச்சை என்று சொன்னால்தான் பச்சை.

"வெறும் தண்ணி மாதிரி இருக்கு" என்றார்.

நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"கலக்கும்போது அளவ தப்பா போட்டிருக்கேன் போல. பாதிக்குப் பாதி ஊத்தினதா நல்லா ஞாபகம் இருக்கு. இதுகூட ஒழுங்கா வரல பாரு எனக்கு."

அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. கோபமாக இருந்தால் கத்திவிட்டுப் போகலாம். இந்த மனுஷர் அதையும் தன் தலையில் அல்லவா தூக்கி வைத்துக்கொள்கிறார்.

"நீங்க சரியாத்தாங்க ஊத்தினீங்க. நான்தான் தண்ணி ஊத்தினேன்."

அவர் டம்ளரை இறக்கவில்லை.

"எத்தன நாளா?"

"ஒம்பது."

"அட்டை?"

"மாத்தி மாத்தி வச்சேன். கிளினிக்ல நிறைய கெடக்கு."

"அங்க மாப்பு. இங்க அட்டை" என்றார். குரலே உயரவில்லை. பாவி, நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? நல்லது செய்கிறேன் என்று நினைத்து, அந்தக் கூட்டுகிற ஆள் செய்ததையேதான் நானும் செய்திருக்கிறேன். அவனாவது தெரியாமல் செய்தான்.

"நாளைக்கு அந்த ஆள் முன்னாடி நின்னு, நானே சரி பண்ணேன்னு சொல்லியிருப்பேன்" என்றார். டம்ளரில் இருந்ததைத் தரையில் ஊற்றினார். அது சரிவில் ஓடி வழக்கமான இடத்தில் போய்த் தேங்கியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவர் திரும்பினார்.

"நனஞ்ச அட்டையெல்லாம் தூக்கிப் போட்டுட்டியா?"

"குப்பையில போட்டா நீங்க பாத்துடுவீங்கன்னு பீரோவுக்குப் பின்னாடி வச்சிருக்கேன்."

"கொண்டா."

ஒன்பதையும் அள்ளிக்கொண்டு வந்தேன். சிலது காய்ந்து நெளிந்திருந்தது, ஒன்றிரண்டில் பூஞ்சை. வரிசையாகத் தரையில் பரப்பினார். ஒன்பதிலும் ஒரே அம்புக்குறி, ஒன்பதிலும் கறை அதன் வால் நுனியில். முன்பக்கம் ஒரு சொட்டு இல்லை. அவர் ஒரு அட்டையை எடுத்து வண்டிக்கு அடியில் பழையபடி வைத்து, வால் நுனிக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தார். என்ஜினின் பின்பக்கம், புகைக்குழாய்க்குப் பின்னால், வண்டியின் உள்தகரச் சுவரோடு ஒட்டிய இடம். எட்டு மாதமாக அந்தப் பக்கம் அவர் கையே போகவில்லை.

"டார்ச்ச புடி" என்றார்.

பிடித்தேன். பானெட்டுக்குள் தோள்வரை நுழைந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டார். அங்கே என்ஜின் உடம்பில் பெரிய நாணயம் அளவுக்கு ஒரு தகர மூடி, துருவேறி, சிவப்பாக. "லேசா தட்டிப் பாக்குறேன்" என்று சொல்லி முடிக்கவில்லை. ஸ்க்ரூடிரைவர் முனை மூடிக்குள் போய்விட்டது. இழுத்ததும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. என் ஒன்பது நாள் தண்ணீர். அவர் கட்டை விரலை வைத்து அமுக்கிக்கொண்டார்.

"வாளி" என்றார்.

வாளிக்காக நான் திரும்பவும், கூடத்தில் அவருடைய போன் அடிக்கவும் சரியாக இருந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். முதலாளி.

"அவர்தாங்க. என்ன சொல்றது?"

அவருக்குத் தலையைத் திருப்ப முடியவில்லை. மட்கார்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு என்ஜினைப் பார்த்தே பேசினார். "நீயே எடு. எதையும் துடைக்காம சொல்லு."

எடுத்தேன். அந்தப் பக்கத்துக் குரல் அவசரமாக இருந்தது. "சார் இல்லையா? நாளைக்குப் பத்து மணி, ஞாபகம் இருக்குல்ல? வண்டி ரெடியா?"

"இல்லைங்க. ஒழுகுது" என்றேன். "இவ்வளவு நாளா நின்னுடுச்சுன்னு அவர் நெனச்சதுக்குக் காரணம் நான்தான். இப்பதான் எடத்தக் கண்டுபிடிச்சார். விரல வச்சு அடச்சுக்கிட்டு நிக்கிறார்."

லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"எந்த எடம்?" என்றது குரல். இப்போது அவசரம் இல்லை.

எனக்கு அதற்கெல்லாம் பதில் சொல்லத் தெரியாது. போனைக் கொண்டுபோய் அவர் காதில் வைத்துப் பிடித்தேன். ஒரு கையில் போன், ஒரு கையில் டார்ச். வாளி இன்னும் குளியலறையில் கிடந்தது. இடத்தைச் சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முழங்கை வழியாக வெளிறிய பச்சைத் தண்ணீர் இறங்கி, கீழே அம்புக்குறியின் வாலில் ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.