‘ஏனுங்க’வுக்குச் சிவப்புக் கோடு

நல்லது செய்யப் போய் இசைவாணி வகையாக மாட்டிக்கொண்டாள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுப்பது அவள் வேலை. 2003இல், வகுப்பு இல்லாத மத்தியானங்களில், எழுத்துப் பிழை பார்க்கும் தமிழ் சாஃப்ட்வேர் ஒன்றை எழுதினாள். செப்பம் என்று பேர். தப்பான சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு போடும், அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், திருத்தியதை எனக்கு அனுப்பலாம் என்று இன்டர்நெட்டில் போட்டாள். அங்கேதான் பிடித்தது சனி.

அனுப்பினார்கள் ஐயா, அனுப்பினார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் நாலாயிரம் சொற்களைச் சேர்த்தார். டொராண்டோக்காரர் அதெல்லாம் வடமொழி என்று மூவாயிரத்தை வெட்டினார். இரண்டு பேருக்கும் இவள்தான் பஞ்சாயத்து. ஒவ்வொரு திருத்தத்தையும் படித்து, ஓட்டிப் பார்த்து, சேர்ப்பதா தள்ளுவதா என்று எழுத வேண்டும். ரெண்டு நாள் பதில் போடாவிட்டால் பொறுப்பில்லாதவர் என்று ஒரு மெயில் வந்து விழும். ஓசியில் வாங்குகிறவனுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அது தனி ரகம்.

2005 கார்த்திகையில் நூற்றுப் பதினெட்டுத் திருத்தங்கள் தேங்கிக் கிடந்தன. போதாததற்கு, நீளமான சொல் வந்தால் செப்பம் அப்படியே உறைந்து நின்றது. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டும் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் எல்லோருக்கும் எழுதினாள்: பாரத்தில் பாதியைத் தூக்க ஒரு ஆள் தைக்குள் வராவிட்டால் செப்பத்தை மூடிவிடுவேன். இருபது பேர் அனுதாபம் எழுதினார்கள். ஆள் வரவில்லை.

வருகிறதைச் சமாளிக்க ஒரே பதிலை எழுதி வைத்திருந்தாள். ‘இது பிழையான தமிழ். ஏற்பதற்கில்லை.’ மேலே நாலு வரி பார்ப்பாள், ஒட்டி அனுப்பிவிடுவாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, வகுப்புக்கு முன்னால், கீரனூர் பழனிக்குமார் என்ற பேரில் ஒரு திருத்தம் வந்தது. முதல் பத்து வரியும் ஏனுங்க, வாரனுங்க, போகோணும் என்று சொற்கள். இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருக்கிற வேலை போதாதென்று பழனிப் பக்கத்துப் பேச்சையெல்லாம் வேறு ஏற்ற வேண்டுமா? ஒட்டினாள், அனுப்பினாள்.

பக்கத்து நாற்காலியில் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக்கொண்டிருந்த லூர்தம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, என்ன பதில் போட்டாய் என்று கேட்டாள். பிழையான தமிழ் என்று போட்டேன் என்றாள் இவள்.

“அம்புட்டுக்கும் வெஞ்சனத்துக்கும் கோடு விழுகலயே. அது மட்டும் எந்த ஊருச் செந்தமிழு?”

இசைவாணிக்குச் சுருக்கென்றது. அவ்வளவுக்கு அம்புட்டு, தொட்டுக்கொள்கிற கறிக்கு வெஞ்சனம், இரண்டையும் சேர்த்தது அவள்தான், முதல் வாரத்திலேயே, யாரையும் கேட்காமல். வட்டாரச் சொல் என்றே அவளுக்குத் தோன்றவில்லை, வீட்டில் பேசுகிற தமிழ்தானே.

அவன் அனுப்பியதை மறுபடி திறந்து கீழே வரை படித்தாள். செப்பம் உறைகிற இடத்தைப் பிடித்து ஆறே வரியில் சரி செய்திருந்தான். ஓட்டினாள். ஓடியது. அதற்கும் கீழே ஒரு குறிப்பு: ‘தேங்கிக் கிடக்கறதுல பாதிய நான் பாத்துக்கறனுங்க. எங்க பேச்சையுங் கொஞ்சம் சேத்துக்கிட்டீங்கன்னா சந்தோசமுங்க.’

வந்த காரியத்தைக் கிளம்பும்போது சொல்கிற மரியாதை அவனுக்கு. அடப்பாவி, இதை மேலே எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவனைத் திட்டினாள். பிறகு தன்னைத் திட்டிக்கொண்டாள். படிக்காமல் தள்ளியது என் தப்பு, உங்கள் சொற்களும் சேரும், பாதிப் பொறுப்பு உங்களுடையது, வாருங்கள் என்று நீளமாக மன்னிப்பு எழுதினாள். அந்த ஆறு வரியை அன்றைக்கே செப்பத்தில் சேர்த்துவிட்டாள். சொற்களை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். எது சேர்ந்தது, எது சேரவில்லை என்பதை இன்டர்நெட்டில் யாரும் பார்க்கலாம். பழனிக்குமாரும் பார்க்கலாம்.

மூன்று நாள் பதில் இல்லை. தேங்கியது நூற்று முப்பதானது. வியாழக்கிழமை வந்த மெயிலில் ஒரே ஒரு சொல்.

‘இருக்கட்டுங்க.’

வேண்டாம் என்பதை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள், கேட்கிறவர் மனம் நோகாமல். இன்னொரு தடவை கெஞ்சிப் பார்க்கலாம் என்று பதில் எழுதத் திறந்தாள். அவன் சொல் மேலே வந்து நின்றது. மெயில் எழுதும் கட்டத்திலும் செப்பம் ஓடும்படி வைத்திருந்தது அவள்தான். அது ஒரு விநாடி யோசித்து, அந்தச் சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டது.