நாலுக்கு நாலு கோடு

1.

இந்தக் கதை என்னுடையதில்லை, ஞானாம்பாள் சொன்னது. தாம்பரம் மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். முடிவைச் சொல்லாமல், "மீதிய நீ எழுதிப் பாரு, அப்பத் தெரியும் என் அவஸ்தை" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இப்போது திருதிருவென்று முழிப்பது நான்.

2.

முதல் தொடக்கம்: 'உதயசூரியன் நாட்டு எழுத்துகள் தாம்பரத்து வானில் மெல்ல...' வேண்டாம், எனக்கே சகிக்கவில்லை.

இரண்டாவது தொடக்கம்: ஞானாம்பாள் முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சர். ரிட்டயரானதும் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஸ்டேஷன் பக்கத்தில் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தாள். ஒன்றுக்கு ஒரு படுக்கைக்கோடு, 一. இரண்டுக்கு இரண்டு, 二. மூன்றுக்கு மூன்று, 三. பூ, இவ்வளவுதானா என்று நினைத்தாள். நாலு வந்தது: 四. ஒரு பெட்டி, உள்ளே விலக்கிவிட்ட ஜன்னல் திரை மாதிரி இரண்டு கோடு.

"நாலு கோடு எங்க போச்சு?" என்று கேட்டாள்.

"அது அப்படித்தான் மேடம்" என்றாள் ப்ரியா டீச்சர்.

(இதே பதிலை முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்னவள் ஞானாம்பாள். ஆதியில் நாலுக்கு நாலு கோடுதான் போட்டார்கள் என்று நான் எங்கோ படித்தேன். அவளிடம் சொல்லவில்லை, இருக்கிற குழப்பம் போதும்.)

3.

அதே பெஞ்சில் ஸ்ரீவத்சன், நித்யஸ்ரீ. கீழ்க்கட்டளையில் குடியிருக்கும் புருஷன் பெண்டாட்டி, கேளம்பாக்கத்தில் ஒரே கம்பெனி. கம்பெனி ஒருவரைத்தான் ஒரு வருஷம் ஜப்பானுக்கு அனுப்பும். இந்தச் சனிக்கிழமை டெஸ்டில் யாருக்கு மார்க் அதிகமோ அவர் போகவேண்டும்.

டெஸ்ட் முடிந்தது. "பேப்பரை வலது பக்கம் குடுங்க, மாத்தித் திருத்துங்க" என்றாள் ப்ரியா. ஸ்ரீவத்சனின் தாள் நித்யஸ்ரீயிடம், நித்யஸ்ரீயின் தாள் ஞானாம்பாளிடம். ஸ்ரீவத்சன் போன் வந்து வராந்தாவுக்குப் போய்விட்டான்.

நாலாவது கேள்வி, நாலை எழுதுக. நித்யஸ்ரீ நாலு படுக்கைக்கோடு போட்டிருந்தாள். அடப்பாவமே என்று நினைத்துக்கொண்டே ஞானாம்பாள், பதினாலை எழுதச் சொன்ன கேள்விக்கு வந்தாள். அங்கே பத்துக்குப் பக்கத்தில் அதே நாலு, பெட்டியும் திரையுமாக அச்சடித்தாற்போல் இருந்தது.

"என்னம்மா இது? உனக்குத்தான் தெரியுமே."

"தப்பு போடுங்க ஆன்ட்டி. அவர் போகட்டும்."

[இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். விட்டுக்கொடுக்கும் மனைவி, கலங்கிய கண், அப்புறம் அந்த... ஞானாம்பாளும் அப்படித்தான் நினைத்தாளாம். நித்யஸ்ரீ அடுத்துச் சொன்னதோடு ஒட்டாததால் அந்தப் பத்தியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.]

"தியாகம்லாம் இல்ல ஆன்ட்டி. கல்யாணமாகி ஆறு வருஷம். அந்த ஃப்ளாட்ல ஒரு நாள்கூட நான் தனியா இருந்ததில்ல. சண்டை கிண்டை ஒண்ணும் இல்ல. ஒரு வருஷம் எனக்கு அந்த வீடு வேணும், அவ்ளோதான்."

4.

முடிவு அ: ஞானாம்பாள் தப்பு போடுகிறாள். எழுதியது தப்புதானே.

முடிவு ஆ: இந்தப் பெண் பின்னால் வருத்தப்படுவாள் என்று சரி போடுகிறாள். (உன்னை யார் கேட்டார்கள் ஞானாம்பாள்?)

அ-வைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கத்திரிக்காய்க் கடையில் அவள் கடைசியாகச் சொன்னது ஞாபகம் வந்து, எழுதியதெல்லாம் பாழாய்ப் போனது. சிவப்புப் பேனாவைத் திறந்தவள், நித்யஸ்ரீ திருத்திக்கொண்டிருந்த ஸ்ரீவத்சனின் தாளை எட்டிப் பார்த்திருக்கிறாள். நாலாவது கேள்விக்கு அவனும் நாலு கோடு. பதினாலில் அவனும் சரி. மற்றதெல்லாம் இருவருக்குமே சரி.

அவனுடைய நாலு கோட்டுக்குப் பக்கத்தில் நித்யஸ்ரீ ஒரு டிக் போட்டிருந்தாள்.

"பாத்துட்டீங்களா?" என்றாள் நித்யஸ்ரீ. குரல் இறங்கிவிட்டது. "அவருக்கும் அந்த வீடுதான் வேணும் போல. ஆறு வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னதில்ல ஆன்ட்டி. நானும்தான் சொன்னதில்ல."

5.

"டோட்டல் போட்டாச்சா மேடம்?" என்கிறாள் ப்ரியா.

தப்பு போட்டால் அவன் போகவேண்டும். சரி போட்டால் இருவரும் சமம், கம்பெனி சீட்டுக் குலுக்கும். அவன் தாளிலும் தப்பு என்று சொன்னாலும் சமம்தான், ஆனால் அந்தப் பெண் என்ன ஆவாள்? எனக்குத் தலை சுற்றுகிறது. ஞானாம்பாளுக்கு போன் போட்டு, என்னதான் பண்ணினாய் என்று கேட்டேன்.

"நீ என்ன பண்ணியிருப்ப?" என்றாள். கணக்கு டீச்சர்கள் விடையைச் சொல்வதில்லை.

ஸ்ரீவத்சன் போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வருகிறான். பேனாவை நீங்கள் பிடியுங்கள். அவன் பெஞ்சில் உட்கார்ந்து தன் தாளில் இருக்கும் டிக்கைப் பார்ப்பதற்குள் ஏதாவது போட்டுவிடுங்கள்.